நெறியில் பரவியிருக்கா?

பயாப்சியில் கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று வந்ததும் நான் கேட்டது, "கட்டி எவ்வளவு பெரிசு டாக்டர்?" என்றுதான். "2 செ.மீ. கூட இல்லம்மா. ஆனா நெறிக்கு, அதாவது நிணநீர் முடிச்சுக்குப் போயிருக்கான்னு தெரிஞ்சாத்தான் என்ன வைத்தியம்னு முடிவு பண்ண முடியும்" என்றார்.

எம்ஆர்ஐயில் இடுப்புக்குள் வலப்பக்கம் 8 மி.மீ. அளவில் ஒரு நெறி தெரிந்தது. பொதுவாக 10 மி.மீ.க்கு மேல் இருந்தால்தான் சந்தேகப்படுவார்களாம். ஆனால் தொற்றிலும் நெறி வீங்கும். வீங்காத நெறிக்குள்ளும் புற்று இருக்கலாம். அதனால் பெட் ஸ்கேன்.

ஆறு மணி நேரம் வெறும் வயிறு. ரத்தச் சர்க்கரை பார்த்துவிட்டு, ஈய உறைக்குள் இருந்த சிரிஞ்சால் கதிரியக்கக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். புற்று அதை அதிகம் இழுப்பதால் படத்தில் பளிச்சென்று தெரியுமாம். ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் படுத்திருக்க வேண்டும். அசைந்தால் அந்தத் தசை மருந்தை இழுத்துக்கொள்ளும். பிறகு படத்தைப் பார்த்தால் தலையும் அடிவயிறும் பளிச்சென்று எரிகின்றன. எனக்குக் கை நடுங்கிவிட்டது. மூளை எப்போதும் குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும், மிச்சம் சிறுநீரில் போகும், அதுதான் இது என்று டாக்டர் விளக்கினார். அந்த நெறி மங்கலாகத்தான் இருந்தது. சில மி.மீ. பரவலை பெட் தவறவிடும் என்பதையும் அப்போதே சொன்னார்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டபோது முடிவு என்னவென்று யாருக்கும் தெரியாது. கருப்பை வாயில் பச்சைச் சாயம் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் சென்டினல் நெறிகளை எடுத்து, நான் மயக்கத்தில் இருக்கும்போதே உறையவைத்துப் பார்ப்பார்கள். புற்று இல்லையென்றால் கருப்பையை எடுத்துவிடுவார்கள். இருந்தால் எடுக்காமல் ரேடியேஷனும் கீமோவும். ஆபரேஷன், ரேடியேஷன் இரண்டும் சேர்ந்தால் பக்கவிளைவு அதிகம் என்பதால் அப்படி.

கண் விழித்ததும் வயிற்றைத் தடவினேன். "எடுத்துட்டாங்க. நெறியில ஒண்ணும் இல்லையாம்" என்றார் கணவர். அழுதுவிட்டேன்.

முழு ரிப்போர்ட் வந்தபோது ஒரு சென்டினல் நெறியில் 1 மி.மீ. பரவல். முதல் நிலை என்றிருந்தது, மூன்றாம் நிலை, IIIC1 ஆனது. "அன்னிக்கு இல்லைன்னு சொன்னீங்களே!" என்று கத்தினேன். டாக்டர் கோபப்படவில்லை. ஒரு தாளில் அவரை விதை போல நெறியை வரைந்து, குறுக்கே ஒரு கோடு போட்டார். ஆபரேஷன் நேரத்தில் ஓரிரண்டு துண்டுதான் பார்க்க முடியும். பிறகு நெருக்கமாகப் பல கோடுகள். இப்படி மெல்லியதாக வெட்டிச் சாயமிட்டதில்தான் அது அகப்பட்டது. நிலை எண் மாறியதற்குக் காரணம் அந்த நெறிதான், உடம்பெல்லாம் பரவிவிட்டதாக அர்த்தமில்லை என்றார்.

சகோதரிகளே, ஆபரேஷன் அன்று சொல்லும் முடிவோடு நின்றுவிடாதீர்கள். "நெறியை மெல்லிசா வெட்டிப் பார்த்தாச்சா, முழு ரிப்போர்ட் எப்போ?" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை, அதனால் அந்தச் செய்தி என்னை அப்படி அடித்தது.

ஐந்து வார ரேடியேஷன், வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. இரண்டு போட்டாகிவிட்டது. அந்தத் தாள் என் ஃபைலில் முதல் பக்கமாக இருக்கிறது.