டிரம்மர் இல்லாத பாட்டுக்கு ரெடிமேட் தாளம்

கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடி வீட்டில் டிரம் செட் வைத்து அடித்தால், முதல் நாளே கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிடுவார். அப்படியே அடித்தாலும், அதை ஒழுங்காக ரெக்கோர்ட் பண்ண நான்கு மைக்காவது வேண்டும். அதனால் வீட்டில் இருந்து பாட்டுக் கட்டுகிறவர்கள் இணையத்தில் டிரம் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் ரெடிமேட் தாளத் துண்டு, தேடுகிறார்கள். கிடைப்பதில் பெரும்பாலானவை 4/4, அதாவது ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) நான்கு தட்டு. நம் மெட்டுகளோ அடிக்கடி திஸ்ரத்துக்கு, மூன்று மூன்றாக எண்ணும் நடைக்கு, போகும். பைலா என்ற இலங்கை ஆட்டப் பாட்டின் வாசம் கொஞ்சம் வேண்டுமென்றாலும் 6/8 (பாருக்கு இரண்டு தட்டு, ஒவ்வொன்றும் மூன்றாகப் பிரியும்) இல்லாமல் நடக்காது. எனவே லூப்பின் சத்தம் எப்படி இருக்கிறது என்று பார்க்க முதல், பாட்டைப் பாடிக்கொண்டு காலால் தட்டிப் பாருங்கள். ஒரு தட்டுக்குள் இரண்டாகப் பிரிகிறதா, மூன்றாகப் பிரிகிறதா? மூன்றாகப் பிரிந்தால் 4/4 லூப் எதையும் திறக்கவே வேண்டாம்.

6/8இல் பலரும் வழுக்கி விழுவது டெம்போவில், அதாவது வேகத்தில். பெரும்பாலான ரெக்கோர்டிங் மென்பொருள்கள் பி.பி.எம்மை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதை, குவாட்டர் நோட்டில் (கால் பங்குச் சுரத்தில்) கணக்கிடும். உங்கள் பாதம் தட்டுவது ஒன்றரை குவாட்டர் நோட்டுக்கு ஒருமுறை. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் மென்பொருளில் போட வேண்டியது 180. அப்போதுதான் ஒரு பார் சரியாக ஒரு செக்கனில் முடியும். 120 என்றே போட்டால் பார் ஒன்றரை செக்கனாக இழுபடும், பாதத்தின் தட்டு 80க்கு இறங்கிவிடும். பாட்டு ஏன் இப்படித் தூங்கி வழிகிறது என்று பிறகு கிட்டாரைக் குறை சொல்வோம்.

லூப் இரண்டு வகை. வேவ் கோப்பு என்பது ஏற்கெனவே பதிவான சத்தம். மிடி என்பது எந்த அடி, எப்போது, எவ்வளவு பலமாக என்ற குறிப்பு மட்டும். பாட்டு எழுதும் கட்டத்தில் மிடிதான் என் தெரிவு. டெம்போவை எவ்வளவு மாற்றினாலும் சத்தம் கெடாது, பிடிக்காத கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்றை மட்டும் அழிக்கலாம், கிட்டை, அதாவது டிரம் சத்தத் தொகுதியை, மாற்றலாம். வேவ் லூப்பைப் பத்து வீதத்துக்கு மேல் இழுத்தால் ஸ்னேர் என்ற சிறு டிரம்மின் அடிமுனை மழுங்கும், சிம்பல் தண்ணீருக்குள் அடித்த மாதிரிக் கேட்கும். எம்.பி.3 லூப் இன்னும் மோசம்: அந்த வடிவமே தொடக்கத்தில் கொஞ்சம் வெற்றிடத்தைச் சேர்த்துவிடுவதால் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் நொண்டும். பி.பி.எம். எழுதாத 4/4 வேவ் கிடைத்தால் கணக்கு சுலபம். நான்கு பார் லூப் என்றால் 16 தட்டு. 16ஐ 60ஆல் பெருக்கி நீளத்தின் செக்கனால் வகுங்கள். பத்து செக்கன் லூப் என்றால் 96.

இலவசமாகத் தொடங்க எம்.டி. பவர் டிரம் கிட் 2 என்ற மென்பொருள் போதும். கிட்டும் அதற்குரிய மிடி குரூவ்களும் (தாளத் துண்டுகளும்) ஒன்றாகவே வரும், இழுத்து டிராக்கில் போட்டால் சரி. ஹைட்ரஜன் என்ற டிரம் மென்பொருளும் இலவசம், பேட்டர்ன் அளவை 6/8 என்று வைத்து நீங்களே கட்டங்களை நிரப்பலாம். மனிதர் அடித்த மிடி வேண்டுமென்றால் கூகுளின் மஜென்டா குழு வெளியிட்ட குரூவ் மிடி டேட்டாசெட் இருக்கிறது. டிரம்மர்கள் எலெக்ட்ரோனிக் கிட்டில் அடித்த 1,150 கோப்புகள், 13.6 மணி நேரம். பெயர் குறிப்பிட்டால் தாராளமாகப் பாவிக்கலாம்.

ஆனால் நம் ஊரில் பலரும் எட்டிப் பார்க்காத பெட்டி ஒன்று வீட்டிலேயே கிடக்கிறது: யமஹா கீபோர்டின் ஸ்டைல் கோப்பு, அதாவது வாசிக்கும்போது கூடவே ஓடும் தாளமும் பின்னணியும். கொழும்பில் கலியாண மேடைகளில் வாசிக்கிறவர்களிடம் பைலா, 6/8 ஸ்டைல்கள் பென் டிரைவ் கணக்கில் இருக்கும். இந்த எஸ்.டி.வை. (.sty) கோப்பு உள்ளுக்குள் மிடிதான். ஒரு பிரதி எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள எஸ்.டி.வை. என்பதை எம்.ஐ.டி. (.mid) என்று மாற்றுங்கள். விண்டோஸ் அந்தப் பின்னொட்டை மறைத்து வைத்திருக்கும், முதலில் அதைத் தெரியப் பண்ண வேண்டும். ரீப்பர் போன்ற ரெக்கோர்டிங் மென்பொருளில் திறந்து சானல் வாரியாகப் பிரியுங்கள். தாளம் இருப்பது 9இலும் 10இலும். மற்றது பேஸ், கோர்ட் எல்லாம், அழித்துவிடுங்கள். முதல் பாரில் அமைப்புத் தகவல் மட்டும்தான், அடி இரண்டாவது பாரில் தொடங்கும். மெயின் ஏ (முக்கிய தாளம்), ஃபில் இன் (மாறும் இடத்துக்கான நிரப்பல்), எண்டிங் (முடிவு) என்று மார்க்கர்கள், அதாவது இடக் குறிகள், நிற்கும். அந்த இடங்களில் வெட்டினால் ஒரு பாட்டுக்குத் தேவையான துண்டுகள் கையில்.

மிடியில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுர எண் உண்டு. சாதாரண கிட் என்றால் கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹைஹெட் (ஜோடிச் சிம்பல்) 42, திறந்தது 46, கிராஷ் (பெரிய சிம்பல்) 49. தபலா, டோலக் கலந்த ஸ்டைலில் இந்த எண்கள் செல்லாது. தபலா அடிக்க வேண்டிய இடத்தில் கௌபெல் அடித்தால் பயப்பட வேண்டாம், கோப்பு பழுதில்லை. அந்தச் சுரங்களைத் தனி டிராக்கில் எடுத்து தபலா சாம்பிளுக்குப் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். எண்ணையே பாருங்கள், சுரப் பெயரை நம்பாதீர்கள்: 36ஐ ஒரு மென்பொருள் சி1 என்னும், இன்னொன்று சி2 என்னும்.

துண்டுகளை அடுக்கும்போது ஒரே ஸ்டைலுக்குள் நில்லுங்கள். பல்லவிக்கு மெயின் ஏ, சரணத்துக்கு மெயின் பி, மாறும் இடத்துக்கு முந்திய பாரில் ஃபில், மாறியதும் முதல் தட்டில் கிராஷ். இதை டெமோ என்று வைத்துக்கொண்டு, வெளியிடும் பாட்டுக்கு அடிகளை நீங்களே திருத்தி எழுதுவதே நல்லது. திருத்த எளிய இடம் ஹைஹெட். எல்லா அடியும் 100 பலத்தில் (மிடி பலம் 127 வரை) நின்றால் தையல் மெஷின் போல் ஓடும். 6/8இன் ஆறு அடியில் ஒன்றும் நான்கும் 95, மற்றவை 60க்கும் 75க்கும் இடையில். பிரதான ஸ்னேர் 110, இடையில் தொட்டுப் போகும் ஸ்னேர் 30. கிக்கை மட்டும் கட்டத்தில் அசையாமல் வையுங்கள், பேஸ் கிட்டார் அதைப் பிடித்துத்தான் வரும்.

இந்தத் தாளத்துக்கு மேல் பாடும்போது புளூடூத் இயர்போன் வேண்டாம். தாளம் காதுக்குத் தாமதமாக வரும், நீங்களும் தாமதமாகப் பாடுவீர்கள். வயர் ஹெட்போன் மலிவானதாக இருந்தாலும் பரவாயில்லை.

வேவ் லூப்பையே வெளியிடும் பாட்டில் வைப்பதென்றால் உரிமத்தைப் பாருங்கள். ஃப்ரீசவுண்ட் என்ற இலவசச் சத்தத் தளத்தில் ஒரே பக்கத்தில் மூன்று விதமும் கலந்திருக்கும்: நிபந்தனை இல்லாதது, பெயர் குறிப்பிட வேண்டியது, வணிகத்துக்கு ஆகாதது. மூன்றாவதை யூடியூப்பில் காசு வரும் பாட்டில் போடாதீர்கள். எவரும் எடுக்கக்கூடிய லூப் உள்ள பாட்டை விநியோகிக்கும்போது கொன்டென்ட் ஐடி (யூடியூப்பின் தானியங்கி உரிமைச் சோதனை) என்ற பெட்டியில் சரி போடவும் வேண்டாம். அதே லூப்பை வைத்த இன்னொருவரின் பாட்டில் உங்கள் பெயரில் உரிமைக் கோரல் போய் விழும். லூப்பை இறக்கிய அன்றே உரிமப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து ப்ரொஜெக்ட் ஃபோல்டருக்குள் போட்டு வையுங்கள்.