கலிபோர்னியாவில் 'விற்காதே' என்று சொல்வது எப்படி

கலிபோர்னியாவின் தனியுரிமைச் சட்டம் 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. உங்கள் தரவை விற்கவோ பகிரவோ கூடாதென்று சொன்னால், நிறுவனம் 15 வேலை நாட்களுக்குள் நிறுத்தியாக வேண்டும். அழிக்கச் சொன்னால் 45 நாட்கள். தேவைப்பட்டால் இன்னொரு 45.

ஒவ்வொரு தளமாக ஏறி இறங்க வேண்டாம். ஃபயர்பாக்ஸ் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், தரவை விற்கவேண்டாம் என்று தளங்களுக்குச் சொல்லும் பெட்டியை டிக் செய்யுங்கள். பிறகு நீங்கள் போகும் ஒவ்வொரு தளத்துக்கும் பிரவுசரே அந்தச் சமிக்ஞையை அனுப்பிவிடும். பிரேவ் பிரவுசரில் இது தானாகவே இயங்கும். குரோமுக்கு எக்ஸ்டென்ஷன் வேண்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: இந்தச் சமிக்ஞை பிரவுசரோடு நின்றுவிடும், மொபைல் ஆப்புக்குப் போகாது. லாகின் செய்யாமல் பார்த்தால் அந்த பிரவுசருக்கு மட்டுமே செல்லும். ஆகவே ஆப்புக்குள்ளும் தனியாக மறுத்துவிடுங்கள். அப்போதும், நீங்கள் எதை லைக் செய்தீர்கள் என்று அந்தத் தளமே குறித்துக்கொள்வதை இது தடுக்காது. சட்டத்தின் பெரிய ஓட்டை அதுதான்.

சமிக்ஞையை அலட்சியம் செய்ததும் சேர்ந்த வழக்கில் 2022-இல் அழகுசாதனக் கடை நிறுவனமான செஃபோரா 12 லட்சம் டாலர் கட்டியது.