பதேர் பாஞ்சாலியை எந்த டிஸ்க்கில் பார்ப்பது

இந்திர் தாக்ருன் பாட்டி கிண்ணத்துச் சோற்றை விரல்களால் திரட்டிச் சாப்பிடுவார், சிறுமி துர்கா எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். சத்யஜித் ரே இயக்கிய ‘பதேர் பாஞ்சாலி’யின் எந்தப் பிரதியையும் எடைபோட இந்த ஒரு காட்சி போதும். பாட்டியாக நடித்த சுனிபாலா தேவியின் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனியாகத் தெரிகிறதா, அல்லது மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். மெழுகாகத் தெரிந்தால், அங்கே அழிந்துபோனது சுப்ரதா மித்ராவின் ஒளிப்பதிவு.

டிஸ்க் சேர்க்கத் தொடங்குபவர்கள் படத்தின் பெயரைப் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது பெயரை அல்ல, அந்தப் பிரதி எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை. இந்தப் படத்தில் அந்த வேறுபாடு மிகப் பெரியது, அதற்குக் காரணம் ஒரு தீ விபத்து.

1993-இல் லண்டனின் ஹெண்டர்சன்ஸ் ஃபிலிம் லேபில் தீப்பிடித்தபோது, ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’ ஆகிய அபு முப்படங்களின் மூல நெகட்டிவ்களும் அங்கே இருந்தன. கருகியும் சுருங்கியும் போன அந்தச் சுருள்களை எந்த இயந்திரத்திலும் ஓட்ட முடியாது என்ற நிலை. ஆனால் அமெரிக்காவின் அகாடமி ஃபிலிம் ஆர்க்கைவ் அவற்றைத் தூக்கி எறியாமல் பாதுகாத்தது. இருபது ஆண்டுகள் கழித்து உலகப் படங்களை டிஸ்க்காக வெளியிடும் அமெரிக்காவின் கிரைடீரியன் நிறுவனம் அந்தச் சுருள்களை இத்தாலியின் போலோன்யாவில் உள்ள லிம்மாஜினே ரித்ரோவாத்தா கூடத்துக்கு அனுப்பியது. அங்கே வறண்ட ஃபிலிமுக்கு மறுபடி ஈரம் ஏற்றினார்கள். ஒட்டுகளையும் ஓரத் துளைகளையும் கையாலேயே திரும்பக் கட்டினார்கள். ஏறக்குறைய 1,000 மணி நேரக் கைவேலை. அப்படி மீட்டதில் ‘பதேர் பாஞ்சாலி’யின் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வின் 60 சதவீதத்துக்கு மேலும் ஸ்கேன் செய்யும் நிலைக்கு வந்தன. ‘அபுர் சன்சார்’ நெகட்டிவில் எஞ்சியது பயன்படவில்லை. குறைந்த பகுதிகளை வெவ்வேறு ஆவணக் காப்பகங்களில் இருந்த நகல் நெகட்டிவ்கள், ஃபைன்-கிரெய்ன் மாஸ்டர்கள் (நுண்மணி ஃபிலிமில் எடுத்த தரமான பிரதிகள்) ஆகியவற்றிலிருந்து நிரப்பினார்கள். 2015-இல் இது திரைக்கு வந்தது.

இந்த வரலாறு நேரடியாக உங்கள் பணத்தோடு தொடர்புடையது. 2015-க்கு முந்தைய டிவிடி எதுவானாலும் அது பழைய பிரிண்டுகளில் இருந்து எடுத்தது. இன்னொன்றும் உண்டு. நல்ல புளூ-ரேயிலேயே ஒரு ஷாட் கண்ணாடிபோல் இருக்கும், அடுத்தது சற்று மங்கி, கிரெய்ன் (ஃபிலிமில் தெரியும் நுண்மணிகள்) தடித்து வரும். டிஸ்க் பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நெகட்டிவில் இருந்து நகலுக்குத் தாவிய இடம் அது.

முதல் சோதனை ஓடும் நேரம். படம் 125 நிமிடம். கேஸின் பின்பக்கத்தில் 120 நிமிடம் என்று இருந்தால், வெட்டிவிட்டார்கள் என்று பதறத் தேவையில்லை. பெரும்பாலும் அது பால் (PAL) எனும், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழங்கிய தொலைக்காட்சி முறையில் அமைந்த டிவிடி. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை 25 ஃபிரேமில் ஓட்டுவதால் 4 சதவீதம் வேகம் கூடிவிடுகிறது. 125-ஐ 25-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்கினால் சரியாக 120. நடையில் இந்த வேகம் பலருக்குத் தெரியாது, காதில் தெரியும். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் ரவிசங்கரின் சிதார் ஒரு அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு மேலே போய்விடும். இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இது உறுத்தும். இந்தப் படத்துக்கு அது சிறிய குறை அல்ல.

அதைவிட மோசமானது முறை மாற்றிய பிரதி. அபுவும் துர்காவும் நாணல் காட்டுக்குள் ஓடும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். மங்கலாக இரண்டு அபு ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால், என்டிஎஸ்சி எனும் அமெரிக்கத் தொலைக்காட்சி முறையில் இருந்த டேப்பை பால் முறைக்கு மாற்றும்போது பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்களைக் கலந்துவிட்டார்கள் என்று பொருள். இதை எந்த டிவி செட்டிங்காலும் சரிசெய்ய முடியாது. அந்த டிஸ்க்கை வாங்காதீர்கள்.

அடுத்தது சட்டக விகிதம், அதாவது படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். படம் 1.37:1, கிட்டத்தட்ட சதுரம். 1920 பிக்சல் அகலத் திரையில் படம் ஏறத்தாழ 1480 பிக்சலை எடுத்துக்கொள்ளும், இருபுறமும் 220 பிக்சல் கறுப்புப் பட்டை இருக்கும். பட்டை இருப்பதுதான் சரி. திரை முழுவதையும் அடைக்கும் பிரதியில் மேலும் கீழும் சேர்த்து 23 சதவீதம் வெட்டுப்பட்டிருக்கும், இல்லையென்றால் முகங்கள் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய படப் பிரதிகளில் இந்த இரண்டு குற்றமும் சாதாரணம். ரயில் வரும் காட்சியில் வானம்தான் பாதிப் படம். அதை வெட்டிவிட்டு எதைப் பார்ப்பது?

ஓடிடியில் பார்த்தால் போதாதா என்ற கேள்விக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1080பி ஸ்ட்ரீமிங்குக்கு 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்) என்று வைத்தால் 125 நிமிடப் படத்துக்கு சுமார் 4.7 ஜிபி ஆகும். புளூ-ரேயில் வீடியோ 30 எம்பிபிஎஸ் ஓடினால் 28 ஜிபி. இரட்டை அடுக்கு புளூ-ரேயின் கொள்ளளவு 50 ஜிபி, வீடியோவுக்கு உச்சவரம்பு 40 எம்பிபிஎஸ். இந்த ஆறு மடங்கு வேறுபாடு எல்லாப் படத்திலும் கண்ணில் படாது. ஆனால் கறுப்பு வெள்ளை ஃபிலிமின் கிரெய்ன் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாகச் சிதறுவது. அதைச் சுருக்கிச் சேமிக்க முடியாது. பிட்ரேட் (நொடிக்குச் செலவிடும் தகவல் அளவு) பற்றாதபோது என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் மென்பொருள்) முதலில் தியாகம் செய்வது கிரெய்னைத்தான். கிரெய்ன் போகும்போது தோலின் நுண்மையும் கூடவே போய்விடும். பாட்டியின் முகம் மெழுகாவது இப்படித்தான்.

இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். மழைக்கு முன் குளத்து நீரில் பூச்சிகள் கோடு கிழித்து ஓடும். அந்தக் கோடுகள் சதுரச் சதுரமாக உடைந்தால் பிட்ரேட் போதவில்லை. ரயிலின் கரும்புகை வெள்ளை வானத்தில் கரையும் இடத்தில் படிப்படியாக வளையம் தெரிந்தாலும் அதே காரணம்தான். கணினி பிரவுசரில் பார்க்கிறவர்களுக்கு வேறொரு சிக்கல்: வைட்வைன் எல்3 எனும் நகல் தடுப்புப் பாதுகாப்பில் பல தளங்கள் 480பிக்கு மேல் தருவதில்லை. அதே சந்தாவில் டிவி ஆப் 1080பி தரும். படம் மங்கலாக இருக்கிறது என்று இணைய இணைப்பைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

அதற்காக ஓடிடி வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தப் படம் நமக்கு வேண்டும் என்று தெரிந்துகொள்ள அதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் உரிமைக் காலம் முடிந்ததும் படம் போய்விடும், சில சமயம் தளமே போய்விடும். உலக சினிமாவுக்கென்றே இருந்த ஃபிலிம்ஸ்ட்ரக் 2018 நவம்பரில் மூடப்பட்டது. அதன் இடத்தில் 2019-இல் வந்த கிரைடீரியன் சேனல் அமெரிக்கா, கனடா இரண்டுக்கு மட்டும்தான்.

இனி ரீஜன், அதாவது ஒரு டிஸ்க் எந்தப் பகுதி பிளேயரில் ஓடும் என்று முடிவுசெய்யும் பூட்டு. இந்தியாவில் இருந்து வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். புளூ-ரேயில் மூன்று ரீஜன். அமெரிக்கா, ஜப்பான், தென்கிழக்கு ஆசியா ஏ. ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி. இந்தியா சி. கிரைடீரியனின் அமெரிக்க புளூ-ரேக்கள் பெரும்பாலும் ஏ பூட்டு போட்டவை. அதே நிறுவனம் 2016 முதல் பிரிட்டனில் விற்பவை பி. நம் ஊர்க் கடையில் வாங்கிய சி பிளேயரில் இரண்டுமே ஓடாது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் தமிழர்களுக்கு அமெரிக்க டிஸ்க் சிக்கலின்றி ஓடும். டிவிடியில் ரீஜன் எண்களே வேறு: இந்தியா 5, அமெரிக்கா 1. டிவிடி பூட்டை ரிமோட்டில் சில எண்களை அழுத்தியே பல பிளேயர்களில் திறந்துவிடலாம், புளூ-ரே பூட்டு பெரும்பாலும் அப்படித் திறக்காது. உள்ளே சிறு பலகை பொருத்திய ‘ரீஜன் ஃப்ரீ’ பிளேயர் வேண்டும். விற்பவரிடம் ‘டிவிடிக்கு மட்டுமா, புளூ-ரே ஏ, பி, சி மூன்றுக்குமா’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் வகையை இரண்டாவதாகச் சொல்லி விற்பது அடிக்கடி நடக்கிறது. கணினி டிவிடி டிரைவில் ரீஜனை 5 முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது முறை எதில் வைத்தீர்களோ அதிலேயே நின்றுவிடும்.

4கே யூஎச்டி டிஸ்க்குக்கு ரீஜன் கிடையாது. அதனால் அதுதான் தீர்வு என்று பலர் 4கே பெட்டியாக வாங்குகிறார்கள். படம் ஓடும். ஆனால் கிரைடீரியனின் 4கே பெட்டிகளில் நேர்காணல், ஆவணப்படம் போன்ற கூடுதல் பகுதிகள் உடன் வரும் புளூ-ரேயில்தான் இருக்கும், அது ஏ பூட்டு. கூடுதல் பகுதிகள் உங்களுக்கு முக்கியம் என்றால் ரீஜன் ஃப்ரீ பிளேயர் இல்லாமல் பாதிப் பெட்டிக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள். 55 அங்குலத்துக்குக் கீழான டிவியில், எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்க புளூ-ரேயே நிறைவாக இருக்கும் என்பது என் கணிப்பு. புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் 4கேவுக்குப் போகலாம்.

விலைக்கு ஒரு வழி: அமெரிக்காவின் பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடையில் வழக்கமாக ஜூலையிலும் நவம்பரிலும் கிரைடீரியன் டிஸ்க்குகள் பாதி விலைக்கு வரும். வெளிநாட்டில் உறவினர் இருந்தால் அந்த மாதங்களில் சொல்லி வைக்கலாம். தபாலில் வரவழைத்தால், பொருளின் விலையோடு அனுப்பும் கட்டணமும் சேர்ந்த மதிப்பின் மீதுதான் சுங்கவரி என்பதை மறக்க வேண்டாம்.

டிவியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இடையில் புது ஃபிரேம்களைச் செருகும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள், ஷார்ப்னெஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள், பிளேயரில் 24பி (நொடிக்கு 24 ஃபிரேம்) வெளியீட்டை இயக்குங்கள். ஓரங்கள் வெட்டுப்படாமல் இருக்க எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்றும் சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’ என்றும் இருக்கும். நிற வெப்பத்தை ‘வார்ம்’ பக்கம் வையுங்கள். ‘ஸ்டாண்டர்ட்’ நிலையில் கறுப்பு வெள்ளைப் படம் நீலம் பாரித்துத் தெரியும். ஒலி மோனோ. ரிசீவரில் சரவுண்ட் விளைவு எதையும் சேர்க்காதீர்கள்.

தமிழ் சப்டைட்டில் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டிஸ்க்கில் இருக்கும் சப்டைட்டில் எழுத்துக் கோப்பு அல்ல, எழுத்தின் பிம்பம். அதை மாற்ற முடியாது. தமிழில் எழுதிய எஸ்ஆர்டி கோப்பை (வசனமும் அது வரும் நேரமும் கொண்ட எழுத்துக் கோப்பு) டிவிடியோடு சேர்த்துப் பார்க்க, கணினியில் விஎல்சி பிளேயரில் டிஸ்க்கை ஓடவிட்டு ‘சப்டைட்டில்’ மெனுவில் கோப்பைச் சேர்க்க வேண்டும். அப்போது சில சமயம் தொடக்கத்தில் பொருந்தி, போகப்போக வசனத்துக்கு முன்பே எழுத்து வந்துவிடும். ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் முந்தினால், அந்தக் கோப்பு 25 ஃபிரேம் பிரதிக்கு எழுதியது, உங்களிடம் இருப்பது நொடிக்கு 23.976, அதாவது ஏறக்குறைய 24 ஃபிரேம் ஓடும் பிரதி. விஎல்சியில் ஜி, எச் விசைகளால் சப்டைட்டில் நேரத்தைத் தள்ளிவைத்துப் பயனில்லை, அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடி விலகும். ‘சப்டைட்டில் எடிட்’ மென்பொருளில் கோப்பைத் திறந்து, ‘சிங்க்ரனைசேஷன்’ மெனுவில் ஃபிரேம் ரேட்டை 25-இல் இருந்து 23.976-க்கு மாற்றுங்கள். பிறகு முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் சரிபார்த்தால் போதும், இடையில் உள்ளவை தாமாகப் பொருந்திவிடும். யூடிஎஃப்-8 எனும் எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள், இல்லையென்றால் வெறும் கேள்விக்குறிகள்தான் வரும்.

சேமித்த பின்னும் சில டிவிகளில் யூஎஸ்பி வழியாக வீடியோவோடு ஓட்டும்போது ‘கொ’ என்பது கொம்பும் எழுத்தும் காலும் தனித்தனியாகச் சிதறி நிற்கும். கோப்பில் தவறு இல்லை, அந்த டிவிக்கு இந்திய எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியவில்லை. எம்பிவி போன்ற பிளேயர் உள்ள கணினியை எச்டிஎம்ஐயில் டிவியோடு இணைத்தால் சரியாக வரும்.

வீட்டில் பார்க்க வாங்கிய டிஸ்க்கைத் திரைப்படச் சங்கத்தில் திரையிட உரிமை இல்லை. அதற்கு உரிமையாளரிடம் தனியாக அனுமதி பெற வேண்டும்.

பாதுகாப்பு. சென்னை போன்ற கடலோர ஊர்களில் முதல் எதிரி ஈரப்பதம். அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்தைப் பரிந்துரைக்கிறது. நம் ஊரில் மூடிய அலமாரியில் சிலிக்கா ஜெல் வைத்து, மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருந்தால்தான் அதை நெருங்க முடியும். கேஸ்களை நிமிர்த்தி அடுக்குங்கள், படுக்கையாக வேண்டாம். பூஞ்சை படர்ந்தால் காய்ச்சி வடித்த நீரில் மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, மையத்தில் இருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் கீறல் தடத்தின் போக்கிலேயே போகும், லேசரால் அதைத் தாண்ட முடியாது. புளூ-ரேயின் தகவல் அடுக்கு மேற்பரப்பில் இருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டியது. இறுக்கமான கேஸில் இருந்து விளிம்பைப் பிடித்து வளைத்து இழுத்தால் அந்த ஒட்டு விடும். நடுப் பொத்தானை ஒரு விரலால் அழுத்துங்கள், டிஸ்க் தானாக எழும்பட்டும்.

பழைய டிஸ்க் வாங்கினால் கையில் வந்த நாளே விளக்குக்கு நேரே பிடித்து ஊசித்துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதன் பிறகு படத்தின் நடுப்பகுதியை ஓட்டிப் பாருங்கள். இரட்டை அடுக்கு டிஸ்க்கில் முதல் அடுக்கு வெளி விளிம்பில் முடிந்து, இரண்டாவது அங்கிருந்தே உள்நோக்கித் திரும்பும். சிதைவு பெரும்பாலும் விளிம்பில்தான் தொடங்கும். அதனால் தொடக்கமும் முடிவும் சுத்தமாக ஓடி, ஐம்பதாவது நிமிடத்துக்கும் எழுபதாவது நிமிடத்துக்கும் இடையில் எங்கோ படம் உறைந்து நிற்கும். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் அந்த இருபது நிமிடத்தை முழுதாகப் பார்த்துவிடுங்கள்.