லயத்தைக் காலிசெய்யும் முன்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பீருமேடு, வண்டிப்பெரியார் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் 58 வயதானால் வேலை முடிந்துவிடும். அதோடு வீடும் போகும், அதாவது எஸ்டேட் கொடுத்த லயம் என்கிற வரிசை வீடு. நிர்வாகம் வீடு கொடுக்க வேண்டும் என்று 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது வேலையில் இருக்கிறவருக்குத்தான். மகனோ மருமகளோ அதே எஸ்டேட்டில் இருந்தால் அவர்களோடு ஒட்டிக்கொள்ளலாம். இல்லாதவர்கள், பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்று புருஷனைப் புதைத்த மண்ணை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். சமூகப் பணியாளராக நான் வேலை பார்ப்பது பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்த இந்தப் பெண்களோடு.

எங்கே போவீங்க, நிலம் இருக்கா, மகன் எங்கே இருக்கான் என்று முதல் நாளே நான் கேட்பதில்லை. கேட்டால் "பாத்துக்கலாம் பாப்பா" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக, "காலையில எந்திரிச்சா என்னென்ன செய்வீங்க பெரியம்மா?" என்று ஆரம்பிப்பேன். அடுப்பு மூட்டுவது, கடுங்காப்பி, மஸ்டருக்கு (காலையில் பேர் பதிகிற இடத்துக்கு) ஓடுவது, கூடவே கொழுந்து கிள்ளுகிற சேக்காளி, திரும்பும்போது ஏறுகிற ஜங்ஷன் கடை என்று பேச்சு தானாக வரும். பயம் எங்கே இருக்கிறது என்பதும் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். ஒரு பெரியம்மா சொன்னார்: "சங்கரன்கோவில் பக்கம் எங்க தாத்தா ஊரு. கோயில் கொடைக்குப் போயிருக்கேன், விருந்தாளியாத்தான் போயிருக்கேன். அங்கன எந்தக் கடையில எனக்குப் பத்து எழுதிக் கடன் தருவான்?"

அவருக்கு வீடு இல்லாமல் இல்லை. தம்பி மகன் ஒரு அறை தருவதாகச் சொல்லியிருந்தான். ஆனால் கையில் காசு இல்லாத நாளில் முகம் பார்த்து அரிசி கொடுக்க அங்கே ஆள் கிடையாது. மாற்றம் என்று நாம் பொதுவாகச் சொல்வது அவருக்கு அந்தக் கடையின் வடிவத்தில்தான் வருகிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் கொடுக்கும் ஆறுதல் எதுவும் அவரிடம் போய்ச் சேராது.

சமூகப்பணி படிக்கும்போது சமூகப்பணி அறிஞர் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் வகுத்த ஏழு கொள்கைகளைப் பரீட்சைக்கு எழுதினோம். தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை அதில் ஒன்று. லயத்தில் அந்த உரிமை தேடினால்தான் கிடைக்கும். வீட்டுக்குள் போனால் மகன் பேசுவார், மருமகன் பேசுவார், சம்பந்தப்பட்ட அம்மா அடுப்படியில் நிற்பார். அவர்களை ஒதுக்கிவிட்டும் பேச முடியாது. நாளைக்குச் சோறு போடப்போகிறவர்கள் அவர்கள்தானே. அதனால் முதலில் அந்த அம்மாவிடம் தனியாகப் பேசுகிறேன், விறகு பொறுக்கப் போகும்போது கூட நடந்தாவது. பிறகு எல்லோரும் உட்காரும்போது முதல் பேச்சு அவருடையதாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பணத்தில்தான் முடிச்சு விழுகிறது. 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை சரிந்து இங்கே பல தோட்டங்கள் பூட்டிக் கிடந்த காலத்திலிருந்தே கிராஜுவிட்டி (வேலையை விடும்போது நிர்வாகம் தர வேண்டிய பணிக்கொடை) பாக்கி ஒரு தீராத வழக்கு. வீட்டைக் காலிசெய்தால் பணம் என்கிறது நிர்வாகம். பணம் வந்தால்தான் காலிசெய்ய முடியும் என்கிறார் தொழிலாளி. பொறுமையாக இருங்கள் என்று இவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது. சட்டப்படியான கிராஜுவிட்டிக் கணக்கைப் பாயில் உட்கார்ந்து அவர்களையே போடச் சொல்வேன்: வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், 30 நாளுக்குள் கைக்கு வர வேண்டும். தொகை எவ்வளவு என்று தெரிந்ததும் குரலே மாறிவிடுகிறது. லேபர் ஆபீசுக்கு மனு எழுதும்போது மலையாளம் தெரியாதே என்று தயங்குவார்கள். மொழிச் சிறுபான்மையினர் என்ற முறையில் தமிழில் எழுதவும் தமிழில் பதில் வாங்கவும் கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுக்கிறது. தமிழிலேயே எழுதுவோம்.

பிறகு தகரப் பெட்டி வெளியே வரும். பிஎஃப் சீட்டில் அப்பா பேர் சேர்ந்திருக்கும், ஆதாரில் புருஷன் பேர், ரேஷன் கார்டில் வேறு எழுத்து, வேறு பிறந்த வருடம். 10 வருடத்துக்கு மேல் பிஎஃப் பிடித்திருந்தால் பென்ஷன் உண்டு. பேர் ஒத்துப்போகாவிட்டால் அதுவும் நின்றுபோகும். ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பே இந்த வேலையைத் தொடங்கினால்தான் திருத்தி முடிக்க முடியும். பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருப்பதை வருடாவருடம் காட்டும் ஆயுள் சான்றுக்கு விரல் வைத்தால் ரேகை விழாது. காலமெல்லாம் கொழுந்து கிள்ளிய விரல், கறை ஏறி வெடித்து வழவழப்பாகிவிட்டது. மெஷின் மறுபடியும் மறுபடியும் தள்ளும்போது என்னமோ தான் தப்புச் செய்தது போல அந்த அம்மா கையைச் சேலையில் துடைப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. இப்போது போனில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்க வழி இருக்கிறது. அந்தச் செயலியை மகளுக்கோ பேரனுக்கோ முன்கூட்டியே பழக்கிவிடுகிறேன்.

எல்லாரிடமும் நான் வற்புறுத்துவது ஒன்று உண்டு. குடிபோக நினைக்கிற ஊருக்கு வெள்ளோட்டமாக ஒரு வாரம் போய் இருந்து பார்க்க வேண்டும். கொடை, கல்யாணம் என்று எதுவும் இல்லாத சாதாரண வாரமாக அது இருக்க வேண்டும். தண்ணீர் எப்போது வருகிறது, ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ், மருமகள் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள் என்பதையெல்லாம் பார்த்து வரட்டும். கேரளத்தின் முன்னுரிமை ரேஷன் கார்டு (மஞ்சள், பிங்க்) இருந்தால் அதை வைத்தே தமிழ்நாட்டில் அரிசி வாங்க முடிவதால், அவர்களுக்குக் கார்டை மாற்றும் அவசரம் இல்லை. அதுவரை கிராஜுவிட்டிப் பணத்தில் கை வைக்க வேண்டாம், யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறேன். போய்ப் பார்த்துவிட்டு, வண்டிப்பெரியாரிலேயே வாடகைக்கு இருந்துகொள்கிறேன் என்று திரும்பியவர்கள் உண்டு. அதுவும் யோசித்து எடுத்த முடிவுதான்.

போனவர்களுக்கு மூன்றாம் மாதம்தான் கஷ்டம். வந்து பார்த்த சொந்தக்காரர்கள் நின்றுவிடுவார்கள், கைப்பணம் கரைந்திருக்கும், சேக்காளிகள் போன் பண்ணுவதும் குறைந்திருக்கும். அந்த மாதம் நான் தவறாமல் கூப்பிடுகிறேன். தெம்பாக இருக்கிறவர்கள் பலருக்கு அங்கே பழக்கம் பிடிப்பது நூறு நாள் வேலை என்று எல்லாரும் சொல்லும் ஊரக வேலைத் திட்டத்தில்தான். கைச்செலவுக்கும் ஆகும், கூடப் பேச நாலு பெண்கள் கிடைப்பார்கள். அந்த வேலைக்கான அட்டைக்குப் பஞ்சாயத்து ஆபீசில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் வெள்ளோட்டத்தின்போதே விசாரித்து வரச் சொல்கிறேன்.