புதுக் கைத்தொலைபேசிக்கு முன் ஒரு புதுப் பேட்டரி

மூன்று ஆண்டு ஓடிய கைத்தொலைபேசி மதியத்துக்குள் சார்ஜ் கேட்டால் பலர் புதிது வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். தேய்ந்தது பெரும்பாலும் பேட்டரி மட்டும்தான். மாடலைப் பொறுத்து 500 முதல் 1,000 முறை முழுதாக ஏறி இறங்கினால் கொள்ளளவு 80 விழுக்காட்டை ஒட்டி வந்துவிடும். திரை, கேமரா, சிப் எல்லாம் நன்றாகவே இருக்கும். ஒரு கைத்தொலைபேசியால் வரும் கரிம வெளியேற்றத்தில் பெரும்பங்கு தயாரிப்பிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதை இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுவதற்கு எந்த மறுசுழற்சியும் ஈடில்லை.

பேட்டரி மாற்றுபவர் முதலில் சார்ஜை 25 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும். சூடுகாட்டிப் பசையை இளக்கித் திறந்ததும், பிளாஸ்டிக் நெம்பியால் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதுதான் முதல் வேலை. பல மாடல்களில் பேட்டரிக்கு அடியில் இழுத்தால் நீளும் ஒட்டுப்பட்டை இருக்கும். அதைத் தட்டையாக, மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். அறுந்தால் கத்தியை உள்ளே விடக் கூடாது. பேட்டரி மடங்கினாலோ துளைபட்டாலோ உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து, பிளாஸ்டிக் அட்டையால் தள்ளினால் வந்துவிடும். திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே காகிதத்தில் ஒட்டி வையுங்கள். அரை மில்லிமீட்டர் கூடுதல் நீளமுள்ள திருகு தவறான துளையில் இறங்கினால் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையே போய்விடலாம். மூடும்போது புது ஒட்டுவளையம் போடாவிட்டால் நீர்க்காப்பு இருக்காது. நம் சிங்கப்பூர் மழைக்கு இது முக்கியம்.

வேறொருவருக்குக் கொடுப்பதென்றால் வரிசை தவறக் கூடாது. பரிவர்த்தனைகளை உறுதிசெய்யும் வங்கி டிஜிட்டல் டோக்கனையும், அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸையும் முதலில் புதுக் கருவிக்கு மாற்றுங்கள். டோக்கன் மாற்றியபின் குறைந்தது 12 மணி நேரம் சில பரிவர்த்தனைகள் செய்ய முடியாது, அதற்கேற்பத் திட்டமிடுங்கள். பிறகு கூகல் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, கடைசியில் எல்லாவற்றையும் அழியுங்கள். பழைய உரிமையாளரின் கணக்கோடு பூட்டிக்கொண்ட கைத்தொலைபேசி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உதிரிபாகத்துக்குத்தான் போகும். 2024ல் 3ஜி சேவை நின்றுவிட்டதால், 4ஜி வழியாகப் பேசும் வசதி இல்லாத பழையவை இங்கே அழைப்புக்கு உதவாது. வைஃபையில் பாட்டியோடு வீடியோவில் பேச அவை போதும்.

உண்மையிலேயே உயிர்போனதை மின்னணுக் கழிவுத் தொட்டியில் போடுங்கள். 2021 ஜூலையிலிருந்து 300 சதுர மீட்டரோ அதற்கு மேலோ பரப்புள்ள பெரிய மின்னணுக் கடைகள் இதற்கு இடம் வைத்தாக வேண்டும். புளோக்கின் குப்பைக் குழாயில் போட்டால் லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கலாம். தப்பினாலும் எரியுலைக்குப் போய்ச் சாம்பலாகச் செமாக்காவ் குப்பை நிரப்புத் தீவைச் சேரும், உள்ளிருக்கும் தங்கமும் கோபால்ட்டும் அதோடு போகும். தனிப் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டிப் போடுங்கள். உப்பிப்போன பேட்டரியைத் தொட்டியில் போடாதீர்கள், சார்ஜும் ஏற்றாதீர்கள். பழுதுபார்க்கும் கடையில் நேரில் கொடுத்து, உப்பியிருப்பதைச் சொல்லிவிடுங்கள்.