பழைய கொரோலாவும் கலந்துபோன கூலன்றும்

யாழ்ப்பாணத்தில் வான் ஓட்டிய காலத்தில் றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியே பழகியவர்கள் நாங்கள். அங்கே எஞ்சின் கொதித்துவிடும் என்பது மட்டுமே பயம். ரொறன்ரோவில் மற்றப் பக்கமும் பயப்பட வேண்டும். தை மாத இரவுகளில் குளிர் மைனஸ் 20 பாகையைத் தொடும்போது வெறும் தண்ணீர் உறைந்து விரிந்து எஞ்சின் புளொக்கையே பிளந்துவிடும் என்பதால், எதிலீன் கிளைக்கோலும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்த கூலன்ற் என்ற, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தையே இங்கே பெரும்பாலும் ஊற்றுகிறார்கள். அது ஏறத்தாழ மைனஸ் 37 வரை தாங்கும். தண்ணீர் சேர்க்காமல் ஊற்றினால் இன்னும் தாங்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. தனிக் கிளைக்கோலோ மைனஸ் 13 பாகையிலேயே உறையத் தொடங்கிவிடும்.

ஸ்காபரோவில் நான் வாங்கிய 2009ஆம் ஆண்டுக் கொரோலா ஏற்கெனவே இரண்டு பேரிடம் ஓடிய கார். ஹீற்றரை முழுதாகத் திருகினாலும் கால்மாட்டில் குளிர்காற்றே வந்தது. கூலன்ற் தாங்கியில் இளஞ்சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் பிளேன்ரீ நிறத்தில் ஏதோ கிடந்தது. மூடியின் உட்புறத்தில் பழுப்புக் களி அப்பியிருந்தது. கராஜ்கார அண்ணை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முந்தி வைச்சிருந்த ஆள் பச்சையை ஊத்தியிருக்கிறார், தம்பி. நிறத்தை நம்பாதையும், காரோட வந்த புத்தகத்தைப் பாரும்."

நிறம் என்பது உற்பத்தியாளர் சேர்க்கும் சாயம்தான். அதற்குப் பொது நியமம் இல்லை. வேறுபாடு துருத்தடுப்பு மருந்துகளில் இருக்கிறது. பழைய பச்சைக் கூலன்றில் உள்ள சிலிக்கேற் உலோகத்தின்மேல் விரைவாகப் படலம் போடும், ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் தீர்ந்துவிடும். கரிம அமில வகை அரிப்புத் தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் ஐந்தாண்டு அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். ஜப்பானியக் கார்களுக்கான கூலன்றில் கரிம அமிலத்தோடு பொஸ்பேற் சேர்த்து, சிலிக்கேற்றைத் தவிர்ப்பார்கள். பொஸ்பேற் கல்சியம் மிகுந்த நீரில் படிந்துவிடும் என்பதால் ஐரோப்பியர் அதைத் தவிர்ப்பார்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் பூமியின் கிணற்றுத் தண்ணீரை நினைத்தால் காரணம் உடனே விளங்கும்.

இரண்டு வகையைக் கலந்தவுடன் எஞ்சின் பழுதாகிவிடாது. பெரும்பாலும் நடப்பது பாதுகாப்புக் காலம் குறைவதுதான். சில சேர்க்கைகளில் மட்டும் மருந்துகள் திரிந்து களியாகி, முதலில் சூடான கூலன்ற் ஓடும் ஹீற்றரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். எனது காரில் நடந்தது அதுவே.

எஞ்சின் ஆறிய பிறகு எல்லாவற்றையும் வடித்து, ஹீற்றர் குழாய்களை எதிர்த்திசையில் கழுவி, காய்ச்சி வடித்த நீரைத் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப ஓடவிட்டு, புத்தகம் சொன்ன இளஞ்சிவப்பையே அண்ணை நிரப்பினார். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் போத்தல் அவசரத்துக்கு உதவலாம். உள்ளே கிடக்கும் களியை அது கரைக்காது. வடித்த திரவம் இனிப்பாக இருப்பதால் பூனையும் நாயும் நக்கிச் செத்துப்போகும். அதை மூடிய கானில் அடைத்து மாநகரத்தின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுத்தோம்.