சுண்டெலியின் இரண்டாவது கடைவாய்ப் பல்

சுண்டெலியின் வாய்க்குள் என் சுண்டுவிரல் நுனிகூட நுழையாது. அதன் மேல்தாடையில் பக்கத்துக்கு மூன்று கடைவாய்ப் பற்கள். ஈறு நோயை எலியில் உருவாக்கி ஆராய, நடுவில் இருக்கும் பல்லைச் சுற்றிப் பட்டு நூல் கட்டுவதுதான் வாரத்தில் பாதி நாள் எனக்கு வேலை. மீதி நாள் ஈறு நோயாளிகளைப் பார்க்கிறேன்.

மயக்க மருந்து கொடுத்து எலியை மல்லாக்கப் படுக்கவைத்து, கன்னங்களை விலக்கி, நுண்ணோக்கியின் கீழ் வைப்போம். முதல் பல்லுக்கும் இரண்டாவது பல்லுக்கும் இடையில் 5-0 என்ற அளவுள்ள மெல்லிய பட்டு நூலை மெல்ல அழுத்தி இறக்கி, பல்லைச் சுற்றி வளைத்து, மூன்றாவது பல்லை ஒட்டிய இடுக்கு வழியே எடுத்து முடிச்சுப் போட வேண்டும். இழுத்துக் கட்டினால் ஈறு கிழியும். தளர்ந்தால் நூல் கழன்றுவிடும். நூல் கழன்ற எலி கணக்கில் சேராது. மறுபக்கத்துப் பல்லை ஒப்பிடுவதற்காகத் தொடாமல் விட்டுவிடுவோம். சுமார் ஒரு வாரத்தில் பல்லைத் தாங்கும் எலும்பு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கரைந்திருக்கும். பிறகு தாடையைச் சதை நீக்கிச் சுத்தம் செய்து, மெத்திலீன் நீலம் என்ற சாயத்தில் தோய்த்து, எனாமல் முடியும் கோட்டிலிருந்து எலும்பின் விளிம்பு வரை அளக்கிறோம்.

நூல் ஈறை அறுப்பதால்தான் எலும்பு போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிக்கு இதே நூலைக் கட்டினால் எலும்பு அவ்வளவாகக் குறைவதில்லை. நூலில் பாக்டீரியா சேர வேண்டும், அவற்றோடு உடல் மல்லுக்கட்ட வேண்டும். அந்த மல்லுக்கட்டில்தான் எலும்பு அழிகிறது. 2011-இல் ஜார்ஜ் ஹாஜிஷெங்காலிஸ் குழுவினர் நூல் இல்லாமலே போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்ற கிருமியை எலிகளின் வாயில் விட்டுப் பார்த்தார்கள். கிருமியற்ற எலிகளில் அது தனியாக எலும்பை ஒன்றும் செய்யவில்லை. வழக்கமான கிருமிகளோடு வளர்ந்த எலிகளில், மிகச் சிறிதளவே இருந்தும் எலும்பைக் கரைத்துவிட்டது. கோள்மூட்டிவிட்டு ஒதுங்கி நிற்கிற ஆசாமி அது.

மனிதர்களிடமே பார்க்கலாமே என்று கேட்பார்கள். ஓரளவு பார்த்தார்கள். 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ குழுவினர் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது, துலக்கியதும் சரியானது. அதற்கு மேல் போக முடியாது, போன எலும்பு தானாகத் திரும்பாது.

அதே லோ, 1970 முதல் 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களான 480 ஆண்களைக் கவனித்தார். பல் துலக்கும் வழக்கமோ பல் சிகிச்சையோ இல்லாதவர்கள். (பதினைந்து ஆண்டுகள் இப்படிக் கவனித்துக்கொண்டே இருந்தது எனக்கு உறுத்துகிறது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் சம்மதிக்கும் என்று தோன்றவில்லை.) எல்லோர் வாயிலும் அழுக்கும் காரையும். ஆனால் 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக. 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை.

அந்த 11 விழுக்காட்டை எலிக்கூண்டில் உருவாக்க எனக்கு வழி தெரியவில்லை. நூல் கட்டினால் ஏறக்குறைய எல்லா எலிக்கும் எலும்பு கரைகிறது. மனிதரில் பல ஆண்டுகள் இழுக்கும் நோயை ஒரு வாரத்தில் அடக்கியதற்கு நாங்கள் கொடுக்கும் விலை அது.

இதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று. நூல் கட்டிய அன்றே ஏதோ ஒரு மூலிகைச் சாற்றையும் கொடுக்கத் தொடங்கிவிட்டு, ஈறு நோயைக் குணப்படுத்துகிறது என்று கட்டுரை எழுதுகிறார்கள். அது தடுப்பு. என்னிடம் வருபவர்களோ பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் வருகிறார்கள்.

அதனால் எங்கள் ஆய்வில் எலும்பு கரையும் வரை காத்திருந்து, நூலை எடுத்துவிட்டு, அதன் பிறகே மருந்தைத் தொடங்குகிறோம். இதிலும் சிக்கல் உண்டு. நூலை எடுத்தாலே மருந்தில்லாமலும் ஈறு ஆறத் தொடங்கும். எனவே நூல் எடுத்து மருந்து கொடுக்காத எலிகள் தனியாக ஒரு குழு வேண்டும். கூடுதல் எலிகள் ஏன் என்று நெறிமுறைக் குழுவுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்; எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும்.